"இதுல நான் எங்க கையெழுத்துப் போடணும்?" பல்லுயிர் ஆய்வை அரசுக்கும் ஊடகத்துக்கும் ஊருக்கும் எடுத்துச் சொல்வது எப்படி

நான் முதன்முதலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனது 42 பக்க அறிக்கை. மலையடிவாரத்தில் இரண்டு வருடம் அலைந்து பார்த்த பாறுக் கழுகுகள் (செத்த விலங்குகளைத் தின்று வாழும் கழுகுகள்), அவை இறங்கிய இடங்கள், கூடு கட்டிய மரங்கள், வரைபடங்கள் என்று எல்லாம் வண்ண அச்சில் இருந்தது. அதிகாரி பொறுமையானவர். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. இதுல நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது. அறிக்கையில் கழுகு இருந்தது, காடு இருந்தது. அவர் செய்யவேண்டிய வேலை மட்டும் எங்குமே இல்லை.

உயிரினங்களைப் பற்றி ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று திகைத்து நிற்கும் ஆய்வு மாணவர்களுக்கும், பறவை பார்ப்பவர்களுக்கும், ஊர்ச் சூழல் அமைப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பாறுக் கழுகையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் உயிரினம் தேவாங்காகவோ தவளையாகவோ இருக்கலாம், வழி ஒன்றுதான்.

முதல் படி: யார் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பாறுகளின் கதை சுருக்கமாக இது. 1990-களில் இந்தியா முழுக்க அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு ஒன்று விடை சொன்னது. மாடுகளுக்கு வலி நீங்கப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் எமன். ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிகிறது. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது.

கதை அங்கே முடியவில்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பியில் வந்துகொண்டிருந்தது. மாட்டுக்குப் போட அந்த அளவு வசதி. அதனால் 2015-இல் மனிதர்களுக்கான ஊசி மருந்தை ஒருவேளைக்கு உரிய 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. 2023-இல், பாறுகளுக்கு அதேபோல ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டு வலிநிவாரணிகளையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த ஒன்றிய அரசு தடை விதித்தது.

இந்த வரிசையில் "கழுகைக் காப்பாற்றுங்கள்" என்று எந்த ஆணையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆணை ஒரு மருந்தைத் தொடுகிறது, இன்னொன்று குப்பியின் அளவைத் தொடுகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, அறிவியலை ஒரு கையெழுத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார். நாம் செய்யவேண்டியதும் அதுதான்.

எனவே எதையும் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆளையும் வலப்பக்கம் அவர் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதுங்கள். எங்கள் தாள் இப்படி இருந்தது: மாடு வளர்ப்பவர், "மெலோக்சிகாம் போடுங்க" என்று பாறுக்குத் தீங்கில்லாத மாற்று வலிநிவாரணியைக் கேட்டு வாங்கலாம். கால்நடை மருத்துவர், அதையே எழுதிக் கொடுக்கலாம். மருந்து ஆய்வாளர், கடைகளைச் சோதிக்கலாம். வனச்சரகர், விஷம் வைத்த சடலம் கிடந்தால் உடனே அப்புறப்படுத்தலாம். நிருபர், இந்த ஊரில் நடந்ததை எழுதலாம். வலப்பக்கம் காலியாக இருக்கும் ஆளிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். மரியாதைக்குப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கழுகு என்றதும் வனத்துறைக்கு ஓடுவார்கள். மருந்துக்கடையில் விற்கும் ஊசிமேல் வனத்துறைக்கு அதிகாரம் இல்லை, கால்நடை பராமரிப்புத் துறைக்கும் கடையைப் பூட்ட அதிகாரம் இல்லை. அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. ஒரு வருடம் தவறான கதவைத் தட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எண்ணை உடைத்துக் கொடுங்கள்

"வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 விழுக்காடு சரிந்தது." உண்மையான வரிதான், ஆனால் காதில் நிற்காது. "1992-இல் ஆயிரம் பாறு இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அதே எண்தான். கூட்டத்தில் யாராவது "ஒண்ணா?" என்று திருப்பிக் கேட்பார்.

அடுத்து வரும் கேள்வி: "எல்லா மாட்டுக்குமா ஊசி போடுறாங்க? ஒண்ணு ரெண்டு மாட்டால எப்படிங்க எல்லாம் சாகும்?" இதற்குத் தயாராக இருங்கள். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏன் என்பதை விரல்விட்டுச் சொல்லலாம். ஒரே சடலத்தில் பல பாறுகள் சேர்ந்து உண்ணும். ஜோடி ஒன்று வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். செத்ததை ஈடுகட்ட வழியில்லை. ஊரில் பெரியவர்களிடம் நான் சொல்வது: "வருசத்துக்கு ஒரு கன்னு போடுற மாட்டுப் பட்டியில, வருசத்துக்கு பத்து மாடு செத்தா பட்டி நிக்குமா?" அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

எண்ணை உடைக்கலாம், ஊதக் கூடாது. பாறுகள் அழிந்ததால் இந்தியாவில் 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று பொருளியல் ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. சடலங்கள் தேங்கின, தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது என்பது அதன் பின்னணி. முன்பு பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் போட்ட மதிப்பீடு அது. யாரும் பிணம் பிணமாக எண்ணியதில்லை. "கழுகு இல்லாததால் 5 லட்சம் பேர் பலி" என்று சுவரொட்டி அடித்தால் நன்றாகத்தான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் "யார் எண்ணினார்கள்?" என்று கேட்கும்போது நாம் விழிப்போம், அன்றோடு நாம் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும். நான் மூன்று சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறேன்: உறுதி, மதிப்பீடு, ஊகம். மருந்து பாறுகளைக் கொல்லும் என்பது உறுதி. 5 லட்சம் மதிப்பீடு. எங்கள் பகுதியில் அடுத்த பத்து வருடத்தில் கூடுகள் எத்தனை ஆகும் என்று நான் சொன்னால் அது ஊகம். பேசும்போது இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்படவேண்டியதில்லை, அதிகாரிகள் இதை மதிக்கிறார்கள்.

மூன்றாம் படி: பெயர்

இதைப் பலரும் அற்பம் என்று கடந்துபோவார்கள். எனக்கு இதில்தான் பாதி வேலை முடிந்தது.

"பிணந்தின்னிக் கழுகு" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் கேட்பவர் முகம் சுளிக்கிறது. பெயரிலேயே பிணம் இருக்கும் ஒன்றுக்காக யார் மனு எழுதுவார்கள்? சங்கப் பாடல்களிலேயே பாறு, எருவை என்று பெயர்கள் இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கையும் தமிழில் சொல்லத் தொடங்கியதும் கூட்டத்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். இலத்தீன் பெயர் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கட்டும், மேடைக்கு வேண்டாம்.

ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும். பாக் நீரிணைக் கடலோரத்தில் ஆவுளியா என்பார்கள், புத்தகத்தில் கடற்பசு. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு, மீனவரிடம் ஆவுளியா என்றே பேசுங்கள். "கடற்பசு" என்று நீங்கள் திருத்தினால் பேச்சு அத்தோடு முடிந்தது.

"பல்லுயிர்ப் பெருக்கம்", "சூழல் அமைவு", "வாழிடத் துண்டாக்கம்" எல்லாம் நல்ல சொற்கள்தான். ஒரு பேச்சில் ஒன்றுக்குமேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

நான்காம் படி: அலுவலகம்

அதிகாரியின் மேசைமேல் கோப்புகள் எப்படி நகர்கின்றன என்று தெரியாமல் உள்ளே போகாதீர்கள். நீங்கள் கொடுக்கும் தாளை அவர் படித்து முடிப்பதில்லை. அதன் ஓரத்தில் ஏதோ எழுதிக் கீழே அனுப்புகிறார். கீழே இருக்கும் உதவியாளர்தான் அதைப் படித்துக் குறிப்பு எழுதுவார். எனவே உங்கள் தாள் அந்த உதவியாளருக்குப் புரியவேண்டும். அவர் குறிப்பில் எடுத்தெழுத வசதியான வாக்கியங்கள் அதில் இருக்கவேண்டும்.

42 பக்கத்துக்குப் பிறகு நான் எழுதிய ஒரு பக்க மனுவின் சாரம் இது:

*பொருள்: தடை செய்யப்பட்ட கால்நடை வலிநிவாரணிகள் விற்பனை – வட்டத்தில் உள்ள மருந்துக்கடைகளில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.*

*பார்வை: கால்நடைகளுக்குக் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் பயன்பாட்டைத் தடை செய்த ஒன்றிய அரசின் 2023 அறிவிக்கை (நகல் இணைக்கப்பட்டுள்ளது).*

*1. இவ்வட்டத்தில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன (வரைபடம் இணைப்பு 1).*
*2. மேற்படி மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன (இரசீது நகல் இணைப்பு 2).*
*3. மாற்று மருந்தான மெலோக்சிகாம் அதே கடைகளில் கிடைக்கிறது.*

*கோரிக்கை: கடைகளை ஆய்வு செய்து விற்பனையை நிறுத்த உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.*

அவ்வளவுதான். இதில் மூன்றாவது வரியை நான் முதலில் எழுதவில்லை. கூட இருந்த ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்தான், "ஒண்ணை நிறுத்தச் சொன்னா அதுக்குப் பதிலா எதுன்னு கேட்பாங்கப்பா, நீயே சொல்லிடு" என்றார். தடை செய்யச் சொல்லும் எந்த மனுவுக்கும் இது பொருந்தும். இன்னொன்று, "பார்வை" இல்லாத மனு அனாதை மனு. சட்டம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, ஏற்கெனவே கொடுத்த மனுவின் எண் என்று ஏதாவது ஒன்றில் உங்கள் தாளைக் கட்டிவையுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அங்கே மனு கொடுத்தால் எண் கிடைக்கும், அந்த எண்தான் முக்கியம். ஊராட்சி அளவில் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்கள் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதி, இரண்டு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தன்று போய் மைக் பிடித்துப் பேசினால் கைதட்டு கிடைக்கும், தீர்மானம் கிடைக்காது.

பெரிய திட்டம் எதுவும் வருகிறது என்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். அந்தச் சுருக்கத்தில் உயிரினப் பட்டியலைத்தான் முதலில் பாருங்கள். நீங்கள் அந்த ஏரியில் கண்ணால் பார்த்த பறவை பட்டியலில் இல்லையென்றால், நாள், நேரம், படத்தோடு எழுத்தில் கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னது கூட்டக் குறிப்பில் அரை வரியாகச் சுருங்கிவிடும்.

அரிட்டாபட்டி

மதுரை மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியில் ஏறக்குறைய 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரசு அறிவிப்பில் வந்த விவரம்: ஏறக்குறைய 250 வகைப் பறவைகள், ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 நீரூற்றுகள். கூடவே சமணர் படுக்கைகளும் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டும். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய 2015.51 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. ஊர்கள் கொதித்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது; ஜனவரி தொடக்கத்தில் மேலூரிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பேரணியாக நடந்தார்கள்; 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நம் வேலைக்கு இதில் இரண்டு விஷயம் உண்டு. சுரங்கம் வந்தபோது யாரும் புதிதாகப் பறவை எண்ணப் போகவேண்டியிருக்கவில்லை. கணக்கெடுப்பு இரண்டு வருடம் முன்பே அரசிதழில் ஏறியிருந்தது. சண்டை வருவதற்கு முன்னால் செய்த பதிவுதான் சண்டையில் பேசும். உங்கள் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு (ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் பதிவேடு) இருக்கிறதா, அதில் உங்கள் பறவை இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது யாரோ அவசரத்தில் நிரப்பிய நோட்டாகத்தான் கிடக்கும்.

இரண்டாவது எனக்கே உறைத்த விஷயம். 2024 டிசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு முதலில் சொன்னது, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா பாருங்கள் என்று. 193 ஹெக்டேர் போக மீதி ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் சுரங்கத்துக்கு. பறவையை மட்டும் முன்வைத்திருந்தால் பறவை இருக்கும் பத்தில் ஒரு பங்கைத்தான் விட்டிருப்பார்கள். முழுப் பரப்பும் மீண்டது, கண்மாய், வயல், கோயில், கல்வெட்டு, பிழைப்பு என்று விவசாயிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசியதால். நம் ஆய்வு அந்தப் பேச்சில் ஒரு நூல். அதைத் தனியாக உருவி எடுத்து மேடையேற்ற ஆசைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஐந்தாம் படி: பத்திரிகை

மாவட்டப் பதிப்புக்குச் செய்தி மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். நிருபரைக் காலையில் கூப்பிடுங்கள். அவர் அன்றைக்கே விபத்து, கலெக்டர் கூட்டம், கோயில் திருவிழா என்று நான்கு செய்தி எழுதவேண்டியவர். ஒரு பக்கக் குறிப்பு, பேர் ஊர் சரியாக எழுதிய இரண்டு நல்ல படம், மேற்கோளாகப் போடத் தமிழில் இரண்டு வாக்கியம் தயாராக இருந்தால் உங்கள் செய்தி பெரும்பாலும் நீங்கள் எழுதியபடியே வரும்.

தலைப்பை நிருபர் வைப்பதில்லை, மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர் வைக்கிறார். தலைப்பு தப்பாக வந்தால் நிருபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அதைவிட, தலைப்பாகக்கூடிய ஒரு வரியை நீங்களே குறிப்பின் உச்சியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: எந்த ஆந்தை கிடைத்தாலும் "அரிய வகை ஆந்தை மீட்பு". வீட்டுச் சந்தில் குடியிருக்கும் கூகை ஆந்தைகூட அரிய வகை ஆகிவிடுகிறது. கூழைக்கடா என்றால் "சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளி". அது இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் உள்ளூர்ப் பறவை. இதைப் பொறுமையாகக் குறிப்பிலேயே எழுதிவையுங்கள்: "இது வெளிநாட்டுப் பறவை அல்ல."

கூடு இருக்கும் இடத்தை, தேவாங்கு நடமாடும் தோப்பை, ஊர் பேரோடு கொடுக்காதீர்கள். வட்டத்தின் பேர் போதும். நிருபர் அனுப்பும் ஒளிப்படக்காரரோடு நீங்களும் போங்கள். செல்பேசிப் படத்தில் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு போகும், அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: ஊர்

ஊரில் பேசுவதற்குமுன் ஊர் பேசட்டும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அந்தப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடமிருந்து உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஊரில் போய் "பறவைகளின் முக்கியத்துவம்" என்று படம் காட்டத் தொடங்கினால் நமக்குத்தான் அவமானம்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் வந்து சோறு வாங்கித் தின்ற இரண்டு கழுகுகள் மஞ்சள்முகப் பாறுகள். 1990-களோடு அந்த வருகை நின்றது. அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் "ஏன் வரலை?" என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்ல வாசல். ஆனால் அந்த ஜோடியையும் மருந்துதான் கொன்றது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். நாட்டில் பாறுகள் குறைந்த அதே காலம் என்று மட்டும் சொல்லுங்கள், அதுதான் உண்மையின் அளவு.

கேள்விகளுக்கும் இடம் விடுங்கள். மலையடிவார ஊர் ஒன்றில் மாடு மேய்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "செத்த மாட்டைக் குழி தோண்டிப் புதைன்னு ஒரு ஆபீசர் சொல்றாரு. கழுகுக்குப் போடுன்னு நீ சொல்ற. நான் யாரு பேச்சைக் கேக்க?" என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன். நோயில் செத்த மாட்டைப் புதைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. எல்லாச் சடலத்தையும் புதைத்தால் பாறு பட்டினி கிடக்கும் என்பதும் உண்மை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, இரண்டு துறைகளும் உட்காரும் கூட்டத்தில் வைத்தோம். அதுவரை நாங்கள் கொண்டுபோன எந்த வரைபடத்தையும்விட அந்த ஒரு கேள்விதான் அங்கே அதிக நேரம் பேசப்பட்டது.

ஏழாம் படி: அதன் பிறகு

மனு எண்ணை எழுதிவையுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நேரில் போங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம், அந்தத் தாளும் கோப்பில் ஏறும்.

அதிகாரிகள் மாறுவார்கள். நீங்கள் ஒருவருக்குப் பாறின் பேரைக் கற்றுக்கொடுத்து முடிக்கும்போது அவருக்கு மாற்றல் வந்திருக்கும். அந்த ஒரு பக்கத் தாளில் நாளை மாற்றி, புதியவரைப் பார்க்கப் புறப்படுங்கள். பழைய உதவியாளர் அதே இருக்கையில் இருந்தால் முதலில் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.